தயங்குபவர் சொல்லே முடிவாகட்டும்

மேற்குக் கடற்கரையின் ஆறுகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய காட்சி வழக்கமாகி வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறுவதற்கு முன்பே மஞ்சளும் சிவப்புமான சிறு நெகிழிப் படகுகள் நீரில் இறங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். கையில் இருமுனையிலும் அலகு கொண்ட நீண்ட துடுப்பு. கோவாவில் மாண்டவியின் கிளைகளிலும், கர்நாடகத்தில் ஹொன்னாவர் அருகே சராவதியிலும், கேரளத்தில் சாலியாற்றிலும் இக்காட்சியைக் காணலாம். கயாக் எனப்படும் இப்படகுகளில் செல்வோர் பெரும்பாலும் விளையாட்டு வீரர்கள் அல்லர். ஓர் அலுவலகத்தில் பணிபுரிவோர், ஒரே குடியிருப்பில் வாழ்வோர், கல்லூரிக் காலத்து நண்பர்கள் எனச் சிறு குழுக்களாக வந்து, இரண்டு மணி நேரம் ஆற்றில் உலவி, காலைச் சிற்றுண்டிக்குக் கரையேறி விடுபவர்கள்.

இத்தகைய ஆற்றுலாவை நாங்கள் மனமார வரவேற்கிறோம். சாலியாற்றில் அவ்வாறு உலவிவரும் ஒரு நண்பர் குழுவினர் என்ற முறையில், அது தரும் மகிழ்ச்சியை நன்கு அறிவோம். எனினும் அந்த மகிழ்ச்சி நிலைக்க வேண்டுமானால் நண்பர்களிடையே ஓர் உடன்பாடு தேவை என்பதே எங்கள் கருத்து. ஆற்றில் இறங்குவதா, மேலும் செல்வதா, திரும்புவதா என்ற கேள்வி எழும்போது, குழுவில் மிகத் துணிந்தவரின் சொல் செல்லக் கூடாது; மிகவும் தயங்குபவரின் சொல்லே முடிவாக வேண்டும். படகில் ஏறுவதற்கு முன்பே அனைவரும் ஏற்றுக்கொண்ட விதியாக அது இருக்க வேண்டும்.

படகிலிருந்து தெரியும் ஆறு

சாலியாறு 169 கிலோமீட்டர் நீளமுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, நிலம்பூர், எடவண்ணா, அரீக்கோடு, மாவூர், பெரோக் வழியாக வந்து பேப்பூரில் அரபிக் கடலில் கலக்கிறது. நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதியில் பெய்யும் மழையின் ஒரு பங்கும் புன்னப்புழா வழியாக இதில்தான் சேர்கிறது. பேருந்தில் பாலத்தைக் கடப்பவருக்கு இந்த ஆறு அரை நிமிடக் காட்சி. துடுப்புப் பிடித்தவருக்கோ அது ஒரு காலைப்பொழுது முழுவதும் விரிந்துகொண்டே செல்லும் உலகம்.

கயாக்கின் வேகம் ஏறத்தாழ மனிதரின் நடை வேகம். மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர். இயந்திர ஓசை இல்லை, புகை இல்லை. நீர்மட்டத்திற்குச் சற்றே மேலே அமர்ந்திருப்பதால், கரையிலிருந்து பார்ப்பவர்க்குத் தெரியாத பலவும் கண்ணில் படும். மீன்கொத்தி குறிபார்க்கும் கிளை தெரியும். மணல் அள்ளப்பட்டதால் வேர் தொங்க நிற்கும் கரைமரம் தெரியும். எந்த வீட்டின், எந்தக் கடையின் கழிவுநீர்க் குழாய் ஆற்றை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதும் தெரியும்.

ஆற்றின் வரலாறும் அவ்வாறே தெரிகிறது. நிலம்பூர்க் காடுகளில் வெட்டிய மரங்கள் ஒரு காலத்தில் இந்த நீரில் மிதக்கவிடப்பட்டே கோழிக்கோட்டின் கல்லாயி மரக்கிடங்குகளை நோக்கி வந்தன. பெரோக்கின் ஓட்டுத் தொழிற்சாலைகள் களிமண்ணுக்காகவும் நீர்வழிக்காகவும் இதன் கரையில் எழுந்தன. பேப்பூரில் உரு எனப்படும் மரக்கப்பல்கள் இந்தக் கழிமுகத்தில்தான் உருவாயின. மாவூரில் இயங்கிய மரக்கூழ்த் தொழிற்சாலையின் கழிவுகளால் நீரும் காற்றும் கெட்டபோது, கரையோர மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். கடந்த நூற்றாண்டின் இறுதியில் அந்த ஆலையின் இயக்கம் நின்றது. அவர்கள் ஆற்றை அன்றாடம் பார்த்தவர்கள். நீரின் நிறம் மாறிய நாளை அறிந்தவர்கள்.

குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் இன்றைய நகரவாசிக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. கோழிக்கோடு நகருக்கான குடிநீர் இதே ஆற்றிலிருந்து, கூளிமாடு என்னும் இடத்தில் எடுக்கப்படுகிறது என்பது அந்நீரைப் பருகுவோரில் எத்தனை பேர் நினைவில் இருக்கும்? நண்பர்களோடு ஆற்றில் உலவுபவர் அதை மறக்க மாட்டார். நிலம்பூரிலிருந்து பேப்பூர் வரை மூன்று நாள்கள் துடுப்பு வலித்துச் செல்லும் பயணம் ஒன்று ஆண்டுதோறும் இங்கு நடைபெறுகிறது; வழியில் மிதக்கும் நெகிழிக் குப்பைகளை அள்ளுவதும் அதில் ஒரு வேலை. இவ்வகையில் பார்த்தால், ஆற்றுலா பொழுதுபோக்கு மட்டுமன்று. ஆற்றுக்கு அது காவலும் ஆகும்.

ஐந்து படகுகள், ஐந்து தலைவர்கள்

கயாக் நம் நாட்டுப் படகன்று. வடதுருவப் பகுதியின் இனூயிட் மக்கள் கடல்நாய் வேட்டைக்காக உருவாக்கியது. ஒதுங்கிய மரத்துண்டுகளாலோ எலும்புகளாலோ சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்து, ஒரே ஒரு வேட்டைக்காரர் அமர்வதற்கென்று அமைத்தார்கள். இன்று தோலுக்குப் பதில் நெகிழி வந்துவிட்டது. அமைதியான ஆறுகளில் வாடகைக்குத் தரப்படுபவை பெரும்பாலும் மேலே அமரும் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் நீர் தேங்காமல் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும், கவிழ்ந்தாலும் மூழ்குவதில்லை, புரட்டிப் போட்டு மீண்டும் ஏறிக்கொள்ளலாம். ஆகவே புதியவர்க்கு அவை ஏற்றவை. ஆனால் ஒரு பண்பு மட்டும் மாறவில்லை. அன்றும் இன்றும் கயாக் தனி மனிதரின் படகு.

கேரளத்தின் சுண்டன் வள்ளத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ நூறு பேர் அமரும் அந்த நெடும்படகில் தாளம் ஒன்று, திசை ஒன்று, கட்டளை ஒன்று. மீன்பிடி வள்ளத்திலும் பயணிகள் படகிலும் பொறுப்பானவர் ஒருவர் இருப்பார். ஐந்து நண்பர்கள் ஐந்து கயாக்குகளில் செல்லும்போது அப்படியல்ல. ஒவ்வொருவரும் தம் படகுக்குத் தாமே தலைவர். முன்னே சென்றவர் வளைவில் மறைந்து விடுவார்; பின்னே வருபவர் படம் எடுக்க நிற்பார். ஒருவர் கூப்பிட்டால் மற்றவர்க்குக் கேட்காது. குழுவாகப் புறப்பட்டவர்கள் அரை மணி நேரத்தில் ஐந்து தனியர்களாகி விடுகிறார்கள். முடிவெடுக்க வேண்டிய நொடியில் தலைவர் ஐவர் இருப்பர். அல்லது எவரும் இரார். கரையிலேயே உடன்பாடு தேவை என்று நாங்கள் கூறுவதன் முதற்காரணம் இதுதான்.

அமைதியான நீரின் மறுபக்கம்

கேரளத்தின் சாலிப்புழாவிலும் இருவழிஞ்ஞிப்புழாவிலும் மழைக்காலத்தில் மலபார் நதித் திருவிழா நடைபெறுகிறது. பாறைகளுக்கிடையே பாயும் வெள்ளத்தில் கயாக் செலுத்த உலகின் பல நாடுகளிலிருந்து வீரர்கள் வருகிறார்கள். அவர்கள் தலைக்கவசம் அணிகிறார்கள். கரையில் மீட்புக் குழுவினர் கயிற்றோடு நிற்கிறார்கள். ஆபத்து கண்ணெதிரே தெரிவதால் ஏற்பாடும் முழுமையாக இருக்கிறது. அதே நீர்தான் கீழே சாலியாற்றில் கலந்து, தை மாசி மாதங்களில் கண்ணாடி போல் கிடக்கிறது. அங்கே தலைக்கவசம் இல்லை, கயிறு இல்லை, சில வேளைகளில் உயிர்காப்பு அங்கியும் இல்லை. ஆற்றின் தோற்றத்தை அதன் குணம் என்று கொள்வதால் நேரும் பிழை இது.

அமைதியான ஆற்றில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கடலின் ஏற்றமும் வற்றமும். கழிமுகத்திலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வரை அதன் விசை உண்டு. ஒரு நாளில் இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடங்கள் தள்ளிப் போகும். ஏழு நாள்களில் அது ஆறு மணி நேரத்தை நெருங்குகிறது. ஆகவே சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நீர் ஏறியிருந்தது என்றால், இந்த ஞாயிறு அதே நேரத்தில் அது வற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம். சென்ற வாரம் நம்மைத் தாங்கிச் சென்ற நீரோட்டம் இந்த வாரம் எதிர்த்து நிற்கும். அதனோடு முற்பகலுக்குப் பின் கடற்காற்றும் சேர்ந்தால், எளிதாக வந்த தொலைவு திரும்புகையில் இரு மடங்காகத் தோன்றும்.

இரண்டாவது, கதவணைகளும் தடுப்பணைகளும். மாவூருக்குக் கீழே ஊர்க்கடவில், உப்புநீர் மேலேறாமல் தடுப்பதற்காகப் பாலத்தோடு இணைந்த கதவணை உள்ளது. மேற்புறத்தில் நீர் குளம் போல் நிற்கும். கதவுகள் திறந்திருக்கும்போது அதன் அருகில் நீர் இழுக்கும் விசையைத் தொலைவிலிருந்து கண்ணால் அளக்க இயலாது. சிறு தடுப்பணைகள் இதனினும் வஞ்சகமானவை. அணையின் மேல் வழிந்து விழும் நீர் அடியில் சுழன்று, மீண்டும் அணையை நோக்கியே திரும்புகிறது. அந்தச் சுழற்சியில் அகப்பட்டவரை, நீந்தத் தெரிந்தவராயினும், அது எளிதில் விடுவதில்லை. விழும் உயரம் இடுப்பளவே என்பதால் எவரும் அஞ்சுவதில்லை என்பதே அதன் ஆபத்து.

மூன்றாவது, நாம் காணாத இடத்திலிருந்து வரும் நீர். நாம் இருக்கும் இடத்தில் வானம் தெளிந்திருக்கலாம். மலையில் பெய்த மழை சில மணி நேரம் கழித்து வந்து சேரும். தெளிந்திருந்த நீர் திடீரெனக் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும் அதன் அறிகுறிகள். 2024 ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவில் அடித்துச் செல்லப்பட்டவர்களின் உடல்கள், நெடுந்தொலைவு கீழே நிலம்பூர்ப் பகுதியில் இதே சாலியாற்றிலிருந்து நாள்கணக்கில் மீட்கப்பட்டன. மலைக்கும் நமக்கும் இடையே ஆறு எத்தகைய இணைப்பு என்பதை அந்தத் துயரம் காட்டிவிட்டது.

அணையுள்ள ஆறுகளில் மழையே தேவையில்லை. கர்நாடகத்தின் காளி ஆற்றில் கணேஷ்குடி அருகே நடைபெறும் படகு விளையாட்டு, மேலே சூபா அணையிலிருந்து மின் உற்பத்திக்காக விடப்படும் நீரைச் சார்ந்தது. நகரங்களில் எரியும் விளக்குகளின் தேவைக்கேற்ப ஆறு ஏறும், இறங்கும். 2014 ஜூன் 8-ஆம் நாள் இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில், ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா சென்ற பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, லார்ஜி நீர்மின் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் அவர்களை வாரிச் சென்றது. 24 மாணவர்கள் உயிரிழந்தனர். அவர்கள் படகிலும் இல்லை, ஆழத்திலும் இல்லை. நண்பர்களோடு பாறைகளின்மேல் நின்றிருந்தார்கள்.

நட்பு மறைக்கும் அச்சம்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, நம் நாட்டில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக 2021-இல் அறிவித்தது. இந்த எண்ணிக்கையில் கயாக் செல்வோர் மிகச் சிலரே இருக்கலாம். ஆயினும், நண்பர்களோடு குளிக்கச் சென்றபோது, நண்பர்களோடு படம் எடுத்தபோது என்று நாளேடுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்திகளை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அவற்றில் வரும் நண்பர்கள் என்ற சொல்லை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

நட்பு துணிவு தரும். அதே நட்பு அச்சத்தை மறைக்கவும் செய்யும். தனியே செல்பவர் நீர் கலங்கியிருப்பதைக் கண்டால் திரும்பி விடுவார். அவரைக் கேலி செய்ய எவரும் இல்லை. ஆறு பேர் சேர்ந்து, ஒரு மாதமாகத் திட்டமிட்டு, இரு கார்களில் அறுபது கிலோமீட்டர் வந்த பிறகு, வேண்டாம் என்று சொல்வதற்குப் பெரும் துணிவு வேண்டும். மற்றவர்களின் மகிழ்ச்சியைக் கெடுப்பவர் என்ற பெயர் வந்துவிடுமே என்று ஒருவர் அஞ்சுகிறார். பக்கத்தில் இருப்பவரும் அவ்வாறே அஞ்சி வாய் திறக்காமல் இருக்கிறார். மற்றவர் அமைதியாக இருப்பதைத் துணிவு என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்கிறார்கள். எவருக்கும் முழுமனம் இல்லாத ஒரு முடிவை இவ்வாறு அனைவரும் சேர்ந்து எடுத்து விடுகிறார்கள்.

பெரும்பான்மைக்கு விடுவதும் இதற்குத் தீர்வாகாது. எந்தத் திரைப்படம் பார்ப்பது என்பதில் பெரும்பான்மை சரி. எந்த நீரில் இறங்குவது என்பதில் சரியன்று. நீந்த வல்ல ஐவர் சேர்ந்து, நீந்தத் தெரியாத ஒருவரின் பாதுகாப்பை வாக்கெடுப்பில் முடிவு செய்ய இயலாது. தயங்குபவர் பெரும்பாலும் ஏதோ ஒன்றைக் கண்டிருப்பார். அதைச் சொல்ல அவருக்குச் சொற்கள் கிடைத்திரா.

எங்கள் குழுவில் இந்த விதி நெடுநாளாக உண்டு. ஒரு முறை, மழை ஓய்ந்த ஐப்பசியில், அரீக்கோட்டின் அருகே படகுகளை நீரில் தள்ளும் வேளையில் நண்பர் ஒருவர், “இன்று வேண்டாம் என்று தோன்றுகிறது” என்றார். முந்தைய வாரத்தைவிட நீர் சற்றுச் செந்நிறமாக இருக்கிறது என்பதற்கு மேல் அவரால் காரணம் கூற முடியவில்லை. எவரும் விவாதிக்கவில்லை. படகுகளை மீண்டும் கரையேற்றிவிட்டு, கொண்டுவந்திருந்த இட்டிலியை ஆற்றைப் பார்த்தபடி உண்டு முடித்தோம். அன்று வெள்ளம் வரவில்லை. நண்பகல் வரை ஆறு அப்படியே ஓடிற்று. ஆயினும் அந்த முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறோம். வெள்ளம் வந்திருந்தால்தான் அவர் சொன்னது சரி என்று வைத்துக்கொண்டால், அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். விதியின் பயன் ஒரு நாளின் விளைவில் இல்லை. தயங்குபவர் தயங்காமல் பேசலாம் என்ற உறுதியில்தான் இருக்கிறது.

கரையில் பத்து நிமிடங்கள்

உடன்பாடு என்பது நீண்ட பட்டியலாக இருக்கத் தேவையில்லை. படகில் ஏறுவதற்கு முன் கரையில் செலவிடும் பத்து நிமிடங்கள் போதும்.

உயிர்காப்பு அங்கி, அதாவது லைஃப் ஜாக்கெட், அணியாதவர் நீரில் இறங்கக் கூடாது. நீச்சல் தெரியும் என்பது விலக்குக்குக் காரணமாகாது. ஆற்றுலாவுக்கு வழக்கமாகப் பயன்படும் 50 நியூட்டன் அங்கி, ஏறத்தாழ ஐந்து கிலோ எடையைத் தாங்கும் விசையை அளிக்கிறது. தலையை நீருக்கு மேல் வைத்திருக்க அது உதவும். ஆனால் வார்களை இறுக்கிக் கட்டாத அங்கி, நீரில் விழுந்ததும் மேலே நழுவி முகத்தை மூடும். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். மோவாய்க்கு மேல் வந்தால் கட்டு சரியில்லை. ஒருவர் மற்றவரின் வார்களைச் சரிபார்ப்பது நல்ல வழக்கம். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து பள்ளிக் குழந்தைகள் இறந்த நிகழ்வில், பலர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை என்பதை நாடே வேதனையோடு கேட்டது.

அடுத்து, நீரைப் பற்றிய செய்தி. அன்றைய ஏற்ற வற்ற நேரம், மலையில் மழை எச்சரிக்கை, அணையில் நீர் திறப்பு ஆகிய மூன்றையும் ஒருவர் முன்னிரவிலேயே பார்த்து வைத்துக் காலையில் அனைவர்க்கும் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் செய்தியோடு, கரையில் வலை உலர்த்தும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் தேவை. காளியிலும் கோவாவின் கும்பார்ஜுவா கால்வாயிலும் முதலைகள் உண்டு என்பது போன்ற செய்திகளை ஊரார் அறிந்திருப்பர். விளம்பரத் தாள்கள் சொல்வதில்லை. கையிலோ காலிலோ காயம் இருப்பவர் மழைக்காலத்தை ஒட்டிய நாள்களில் இறங்காதிருப்பது நல்லது. எலிக்காய்ச்சல் அந்த வழியே வரக்கூடும்.

பிறகு, வரிசை. அனுபவமுள்ள ஒருவர் முன்னே, மற்றொருவர் கடைசியில், புதியவர்கள் நடுவில். ஒருவர் கண்ணுக்கு அடுத்தவர் தெரிய வேண்டும். விசில் ஒலி ஒன்று என்றால் நில், மூன்று என்றால் உதவி என்பது போல் குறிப்புகளை முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கவிழ்ந்தால் படகை விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டம் மிகுந்த இடத்தில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் நீரே நம்மைக் கவிழ்த்து அழுத்தும். மல்லாந்து, பாதங்களைக் கீழோட்டத் திசையில் நீட்டி மிதப்பதே சரியான முறை. நீரில் சாய்ந்து கிடக்கும் மரங்களை விட்டு விலகிச் செல்ல வேண்டும். இறுதியாக, எங்கே இறங்குகிறோம், எத்தனை மணிக்குக் கரையேறுவோம் என்பதைக் கரையில் இருக்கும் ஒருவருக்குச் சொல்லிவிட வேண்டும். அந்த நேரம் கடந்தால் 112 என்ற அவசர எண்ணை அழைக்கும் பொறுப்பு அவருடையது.

இரண்டு மறுப்புகள்

இத்தனை விதிகள் வந்தால் உலாவின் இயல்பே போய்விடாதா என்று சிலர் கேட்கலாம். எங்கள் பட்டறிவு நேர்மாறானது. தாம் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம், எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று அறிந்தவரே முழுமனத்தோடு துடுப்புப் பிடிக்கிறார். முதன்முறை வருபவரின் தோள்களில் இருக்கும் இறுக்கம் தளர்வதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். துடுப்பைக் கையால் மட்டும் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி இழுக்கும் கலை, உடல் இறுக்கம் தளர்ந்தவர்க்கே கைவரும்.

மறுபுறம், ஆபத்து இவ்வளவு என்றால் தடை செய்துவிடலாமே என்பது மற்றொரு வாதம். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் சில நாள்கள் ஆற்றங்கரையில் தடைப் பலகை நடப்படுவதை நாம் பார்க்கிறோம். தடை மனிதரை ஆற்றிலிருந்து அகற்றுவதில்லை. பிறர் பார்வை படாத இடத்திற்கு அனுப்புகிறது. அங்கே அங்கி தருவார் இல்லை, எச்சரிப்பாரும் இல்லை. ஆற்றோடு பழகாத தலைமுறைக்கு நீச்சலும் வராது, நீரின் குணமும் தெரியாது. பலகைக்குப் பதிலாக, இறங்குதுறை, அங்கி வாடகைக்குக் கிடைக்கும் இடம், அணையின் நீர் திறப்பை முன்கூட்டி அறிவிக்கும் ஒலிபெருக்கி ஆகிய மூன்றையும் உள்ளாட்சிகள் அமைத்தால், அதே செலவில் கூடுதல் உயிர்கள் காக்கப்படும் என்று நம்புகிறோம்.

கணக்கில் வைக்க வேண்டியது

வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம், ஆற்றுக்குப் புறப்படுமுன் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள கணக்குதாரர்கள் சேரலாம். ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். விபத்தில் இறப்போ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாயும், பகுதி நிரந்தர ஊனத்திற்கு 1 லட்சம் ரூபாயும் கிடைக்கும். காப்பு ஜூன் 1 முதல் மே 31 வரை. கட்டணம் கணக்கிலிருந்து தானே எடுக்கப்படும் என்பதால், அந்நாள்களில் இருப்பு உள்ளதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நீரில் மூழ்கிய நிகழ்வுகளில் காவல்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். வேறு தனிநபர் விபத்துக் காப்பீடு வைத்திருப்போர் அதன் விலக்குப் பகுதியை ஒருமுறை படிப்பது பயன் தரும். பல பத்திரங்கள் சாகச விளையாட்டுகளை விலக்கி வைக்கின்றன. நியமனதாரர் பெயர் பழையதாக இருந்தால் மாற்றுவதற்கும் இது தக்க தருணம்.

ஆயினும் எந்தக் காப்பீடும் இழப்புக்குப் பின் வருவது. இழப்புக்கு முன் வரக்கூடியது நண்பரின் ஒரு சொல் மட்டுமே. அந்தச் சொல்லுக்கு இடம் வைப்பது 20 ரூபாய்க்கும் குறைவான செலவு. ஆற்றங்கரையில் சிறிது நேரம் நின்று பேசினால் போதும்.

மழை ஓய்ந்து, ஆறு தெளியும் பருவம் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. நம் ஊருக்கு அருகில் ஓடும் ஆற்றை நண்பர்களோடு சென்று காண அதைவிட நல்ல காலம் இல்லை. செல்வோம், நம் குழந்தைகளையும் நீச்சல் பழக்கி அழைத்துச் செல்வோம். புறப்படுமுன், குழுவில் எவர் மிகவும் தயங்குகிறார் என்று பார்த்து, அவரிடமே கேட்போம்: “இறங்கலாமா?” அவர் வேண்டாம் என்றால், படகுகளைக் கரையேற்றுவோம். ஆறு அடுத்த வாரமும் அங்கேயே ஓடும். நாமும் அதைக் காண வர வேண்டும்.